நாற்பதை நெருங்கும்போது குழந்தைக்கு முயல்வது: டர்பனிலிருந்து மாதக் கணக்கோடு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் கோயிலில் பார்த்தால் ஆன்ட்டிகள் "எனி குட் நியூஸ்?" என்பார்கள். ஊருக்குப் போன் போட்டால் "விசேஷம் ஏதும் உண்டா?" என்பார்கள். கேள்வி ஒன்றுதான். கல்யாணமாகி 35 வயதில் கும்பகோணத்திலிருந்து டர்பனுக்கு வந்த எனக்கு, அதற்குப் பதில் சொல்ல ஆறு வருஷம் பிடித்தது. 41 வயதில், இரண்டாவது ஐவிஎஃப்பில், அதாவது சோதனைக்குழாய் முறையில், மகள் பிறந்தாள். அதே சமயத்தில் சிகிச்சையில் இருந்த என் தோழிக்குப் பிறக்கவில்லை. இரண்டுமே நடக்கக்கூடியவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் டாக்டர் இல்லை, கணக்கு எழுதுகிறவள். மகள் பிறந்து தூக்கம் கெட்ட ஒரு ராத்திரியில் அந்த ஆறு வருஷத்தையும் பேரேடு மாதிரி எழுதிக் கூட்டிப் பார்த்தேன். வீணாய்ப் போனது 19 மாதம். அது உடம்பு செய்த கோளாறு இல்லை. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியிலும் கடைசியில் செய்ய வேண்டியதை முதலிலும் செய்ததால் போனதுதான் அதிகம். அந்த வரிசையை நேராக்கி எழுதினால் இப்படி வரும்.

வயதுக் கணக்கு

பெண் குழந்தை பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறது. புதிதாக ஒன்றுகூட உருவாவதில்லை. வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம் மிஞ்சும். 37 வயதில் சுமார் 25,000. அப்புறம் சரிவு வேகமெடுக்கும்.

எண்ணிக்கையைவிடத் தரம்தான் பெரிய விஷயம். வயது ஏற ஏற, முட்டைக்குள் குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவது கூடிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் ஒட்டாது, ஒட்டினாலும் நிலைக்காது. 30 வயதுப் பெண்ணுக்கு ஒரு மாதத்தில் கரு நிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு 20 என்றால், 40 வயதில் அது ஐந்துக்கும் கீழே. 40க்கு மேல் நிற்கும் கர்ப்பங்களில் மூன்றில் ஒன்றாவது கலைந்துவிடுகிறது. டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 வயதில் சுமார் 1250ல் ஒன்று, 35ல் 350ல் ஒன்று, 40ல் 100ல் ஒன்று.

இதைப் படித்துவிட்டு அழத் தோன்றினால் அழுதுவிடுங்கள், நானும் அழுதேன். ஆனால் 40 வயதில் நூற்றில் ஒன்று என்றால் மீதி 99 பேருக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்பதும் அதே கணக்குதான்.

எத்தனை மாதம் நீங்களாக முயலலாம்

35க்குக் கீழே இருந்தால் ஒரு வருஷம். 35 முதல் 39 வரை ஆறு மாதம். 40 ஆகிவிட்டால் காத்திருக்கவே வேண்டாம், முயலத் தொடங்கும் மாதமே டாக்டரைப் பாருங்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லை, கருப்பையின் உள்சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது, அப்பெண்டிக்ஸ் வெடித்து ஆபரேஷன் ஆனது, இருவரில் ஒருவருக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்தது என்றால் எந்த வயதிலும் உடனே போக வேண்டும்.

"டென்ஷன் ஆகாதே, தானா நிக்கும்" என்பவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். 27 வயதுக்காரிக்கு அது நல்ல அறிவுரையும்கூட. 38ல் எனக்குச் சொன்னார்கள் பாருங்கள், அங்கேதான் கோபம் வந்தது.

முதல் வாரம்: கணவருக்கு டெஸ்ட்

என் 19 மாதத்தில் 14 மாதம் போனது இங்கே. நான் முதலில் பார்த்த டாக்டர் எனக்கு எல்லா ரத்தப் பரிசோதனையும் எடுத்தார். முட்டை வெளிவர மாத்திரை கொடுத்தார். மாதவிலக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த எனக்கு அது எதற்கு என்று அப்போது கேட்கத் தெரியவில்லை. ஊரிலிருந்து மாமியார் லேகியம் அனுப்பினார், அதையும் சாப்பிட்டேன். என் கணவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை.

குழந்தை நிற்காத தம்பதிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஏதாவது காரணம் இருக்கிறது, தனியாகவோ மனைவியின் காரணத்தோடு சேர்ந்தோ. பெண்ணுக்கு எடுக்கும் பரிசோதனைகள் பலவற்றில் ஊசி உண்டு, வலி உண்டு. ஆணுக்கு ஒரு குப்பி. விலையும் குறைவு. அதை ஏன் கடைசிக்குத் தள்ளுகிறோம் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

கடைசியில் இரண்டாவது டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். வீட்டிலேயே எடுத்து வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும், குளிரவும் கூடாது, சூடாகவும் கூடாது. என் கணவர் குப்பியைச் சட்டைக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார், நான் ஓட்டினேன். ஹிக்கின்சன் ஹைவேயில் லாரி ஒன்று குறுக்கே நின்று 20 நிமிஷம் அசையவில்லை. இரண்டு பேரும் டாஷ்போர்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். "வெயிலில் வைத்த தயிர் மாதிரி ஆகப் போகிறது" என்றார் அவர். பல மாதங்களில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். 52வது நிமிஷம் கொடுத்தோம். லேபிலேயே அதற்கென்று அறை இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. நீங்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

டெஸ்டுக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் உறவு கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட கீழெல்லைகளோடு ரிப்போர்ட்டை ஒப்பிட்டுப் பாருங்கள்: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி விந்தணு, அசைபவை 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். கடைசி எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள், நூற்றில் நாலு என்பதே இயல்பு. ஒரு ரிப்போர்ட் மோசமாக வந்தால் சில வாரம் கழித்து இன்னொரு தடவை எடுப்பார்கள். போன மாதக் காய்ச்சல்கூட இந்த மாத எண்ணைக் கீழே தள்ளும்.

என் கணவருக்கு ஒரு மில்லியில் 90 லட்சம்தான் இருந்தது. விதைப்பைக்கு மேலுள்ள ரத்தக்குழாய் புடைத்திருந்தது. வெரிக்கோசீல் என்பார்கள். சாதாரணமாகப் பலருக்கும் இருப்பதுதான்.

விந்தணு உருவாகிப் பக்குவப்பட இரண்டரை முதல் மூன்று மாதம் ஆகும். அதனால் கணவர் இன்று சிகரெட்டை விட்டால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். குடியைக் குறைப்பது, ஹான்ஸ் மாதிரிப் புகையிலை வகையறாவை நிறுத்துவது, சுடுநீர்த் தொட்டி, மடியில் லேப்டாப் எல்லாம் இதே கணக்கில் வரும். ஜிம்மில் டெஸ்டோஸ்டீரோன் ஊசியோ ஸ்டீராய்டோ போடுகிறாரா என்று நேராகக் கேளுங்கள். ஆண்மை கூடும் என்று நினைத்துப் போடுகிறார்கள், அது விந்தணு உற்பத்தியை அப்படியே படுக்கவைத்துவிடும். சிலருக்குப் பூஜ்யம்வரை போகும்.

அதே வாரம்: ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரிடம் உங்கள் மாத்திரை டப்பாவோடு

35க்கு மேல் கர்ப்பம் என்றால் கூடவே சர்க்கரையும் பிரஷரும் வர வாய்ப்பு உண்டு. தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே சர்க்கரை நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் பார்க்கலாம். மூன்று மாதச் சர்க்கரை அளவு, அதாவது ஹெச்பிஏ1சி, 6.5க்குக் கீழே வந்த பிறகு கரு நிற்பது நல்லது. 10க்கு மேல் இருந்தால் குறையும்வரை தள்ளிப்போடச் சொல்வார்கள். கருவின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாவது முதல் வாரங்களில், பலருக்குக் கர்ப்பம் என்று தெரியும் முன்பே.

மாத்திரை டப்பாவை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். இங்கே அரசு கிளினிக்குகளில் பிரஷருக்கு எனலாபிரில் சகஜமாகக் கொடுப்பார்கள், கர்ப்பத்தில் அது ஆகாது. மெத்தில்டோபா மாதிரி வேறொன்றுக்கு மாற்ற வேண்டும். கொலஸ்ட்ரால் மாத்திரை, வலிப்புக்கான வால்ப்ரோயேட், பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் எல்லாம் இந்தப் பட்டியலில் சேரும். உடம்பு குறையப் போடும் செமாக்ளூடைட் ஊசியை முயலத் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே விட வேண்டும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், வலிப்பு மாத்திரையைத் திடீரென விடுவது ஆபத்து.

தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். ரூபெல்லா, சின்னம்மை எதிர்ப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஊரில் நம் வயதுக்காரர்கள் பலருக்குச் சின்ன வயதில் ரூபெல்லா ஊசி போடவில்லை. ஊசி போட்டால் ஒரு மாதம் முயலக் கூடாது, அதனால்தான் இதை முதல் வாரத்தில் வைத்தேன். எச்ஐவி, சிபிலிஸ் டெஸ்ட் இங்கே எல்லோருக்கும் வழக்கமாக எடுப்பதுதான், "என்னைப் போய்ச் சந்தேகப்படுகிறார்களே" என்று முகம் சுளிக்க வேண்டாம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியரும் பல்லும் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

ஃபோலிக் ஆசிட் இன்றே தொடங்குங்கள். தினம் 400 மைக்ரோகிராம், டிஸ்செம், கிளிக்ஸ் மாதிரி மருந்துக்கடைகளில் சீட்டில்லாமல் கிடைக்கும். சர்க்கரையோ வலிப்போ இருந்தால், முந்தின குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறை இருந்திருந்தால் 5 மில்லிகிராம், அதை டாக்டர் எழுத வேண்டும். 2003 அக்டோபரிலிருந்து தென்னாப்பிரிக்காவில் மீலி மீல் என்கிற மக்காச்சோள மாவிலும் கோதுமை மாவிலும் ஃபோலிக் ஆசிட் கலப்பது சட்டம். ஆனால் நாம் சாப்பிடுவது அரிசி. மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை என்றிருக்கும் நம் வீடுகளுக்கு அந்தச் சட்டத்தால் பெரிய லாபம் இல்லை.

நாள் பார்ப்பது

முட்டை வெளிவந்தால் 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடிருக்கும். விந்தணு ஐந்து நாள்வரை தாங்கும். எனவே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தின ஐந்து நாளும் சேர்ந்து ஆறு நாள்தான் வாய்ப்பு, அதிலும் கடைசி மூன்று நாள் சிறந்தவை. அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு முட்டை வெளிவரும். 28 நாள் சுழற்சியில் அது 14ஆம் நாள் என்றால் 33 நாள் சுழற்சியில் 19ஆம் நாள். எல்லோருக்கும் 14ஆம் நாள் என்று நம்பித்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

வெள்ளைப்படுவது முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாக, இரண்டு விரலுக்கிடையில் இழுத்தால் நூலாக நீளும்படி மாறினால் அது நல்ல நாள். முட்டையை வெளியே தள்ளும் எல்ஹெச் ஹார்மோனைச் சிறுநீரில் பார்க்கும் மருந்துக்கடைப் பட்டையில் இரண்டாவது கோடு அடர்த்தியாக வந்தால் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டை வரும். ஹார்மோன் கோளாறால் முட்டை ஒழுங்காக வராத பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு அந்தக் கோடு பொய் சொல்லும், பல நாள் அடர்த்தியாகவே காட்டும். காலையில் உடல் வெப்பம் பார்ப்பது முட்டை வந்து போனதை மட்டுமே சொல்லும். பஸ் போன பிறகு அட்டவணை பார்ப்பதுபோல.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்று சொல்கிறேன்: ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருக்க முடிகிற தம்பதிக்கு இந்தப் பட்டையும் தெர்மாமீட்டரும் தேவையே இல்லை. இரவு ஷிப்டில் இருக்கும் கணவர், ஜோஹன்னஸ்பர்கில் வேலை பார்த்து வாரக் கடைசியில் வருகிற கணவர் என்றால்தான் நாள் பார்க்க வேண்டியிருக்கும். வழுக்குவதற்குத் எச்சில், சாதாரண ஜெல் இரண்டும் வேண்டாம், விந்தணுவின் ஓட்டத்தைத் தடுக்கும்.

சாப்பாடு, எடை, லேகியம்

முட்டையை இளமையாக்கும் உணவு எதுவும் கிடையாது. மாதுளை, அத்திப்பழம், செவ்வாழை எல்லாம் நல்ல பழங்கள், அவ்வளவுதான். ஆனால் சர்க்கரையையும் இரும்பையும் சரிப்படுத்தும் சாப்பாடு டர்பன் சமையலறையிலேயே இருக்கிறது. சுகர் பீன்ஸ் குழம்பில் ஃபோலேட், இரும்பு இரண்டும் உண்டு. சந்தையில் கட்டுக்கட்டாய் வரும் கீரையும் அப்படியே. ஜூன், ஜூலையில் தென்கரையில் சார்டின் கூட்டம் வரும்போது மீனைக் கூடையோடு வாங்குங்கள், அதில் ஒமேகா கொழுப்பு அதிகம், பாதரசம் குறைவு. மற்ற மாதங்களுக்கு டின்னில் வரும் பில்ச்சர்ட் மீனில் தக்காளி, கறிவேப்பிலை போட்டு வைக்கும் குழம்பு போதும். சுறா, வாள்மீன், மார்லின் வேண்டாம். ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பும் பன்னி சாவை மாதம் ஒருதரம் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கால் ரொட்டி. சைவம் என்றால் பி12 பார்த்துக்கொள்ள வேண்டும். காபி இரண்டு கப்புக்குள்.

எடை பற்றி எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. பிசிஓஎஸ் இருப்பவர்கள் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே முட்டை ஒழுங்காக வரத் தொடங்கலாம், அது உண்மை. ஆனால் 40 வயதுக்காரியிடம் "15 கிலோ குறைத்துவிட்டு வா" என்று ஒரு வருஷத்துக்கு அனுப்புவது நியாயமில்லை. எடை குறைவதால் கிடைப்பதை அந்த வருஷம் தின்றுவிடும். மூன்று மாதம் குறைக்கப் பாருங்கள், பரிசோதனைகள் பக்கத்திலேயே நடக்கட்டும்.

லேகியம் பற்றி: மாமியாரின் அன்பைக் குறை சொல்லவில்லை. சில பஸ்ப வகைகளில் ஈயமும் பாதரசமும் இருந்தது உண்டு, கருவுக்கு அது விஷம். டர்பன் வார்விக் சந்தையில் விற்கும் மூத்தி என்கிற ஆப்பிரிக்க நாட்டு மருந்து வேர்களுக்கும் இதே பேச்சுதான், உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. முட்டைக்கு நல்லது என்று சொல்லப்படும் டிஹெச்இஏ, கோ க்யூ 10 மாத்திரைகளுக்கு உறுதியான சான்று இல்லை. டிஹெச்இஏ ஒரு ஹார்மோன், டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். காவடிக்குப் பத்து நாள் சைவ விரதம் இருப்பதில் கெடுதல் இல்லை. ஊசி போடும் நாட்களில் வெறும் வயிற்று விரதம் மட்டும் வேண்டாம். முருகன் ஒத்திவைப்பார்.

உங்களுக்கான பரிசோதனைகள், மெடிக்கல் எய்ட்

மாதவிலக்கின் இரண்டாம் மூன்றாம் நாளில் எஃப்எஸ்ஹெச், ஈஸ்ட்ராடயால் என்ற ஹார்மோன்களைப் பார்க்க ரத்தம் எடுப்பார்கள், கூடவே ஸ்கேனில் சினைப்பையின் சிறு முட்டைப்பைகளை எண்ணுவார்கள். முட்டை வெளிவந்ததா என்று காட்டும் புரோஜெஸ்டிரோன் அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்பு. சீட்டில் "21ஆம் நாள்" என்று எழுதியிருந்தாலும் உங்கள் சுழற்சி 33 நாள் என்றால் 26ஆம் நாள் எடுக்க வேண்டும், லேபில் அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஏஎம்ஹெச் என்ற டெஸ்ட் நிறைய வீடுகளில் அழுகையைக் கிளப்பியிருக்கிறது. எத்தனை முட்டை மிச்சம் என்று ஏறத்தாழ அது சொல்லும், ஐவிஎஃப் ஊசிக்கு எத்தனை முட்டை வரும் என்று கணிக்க உதவும். இயல்பாகக் கரு நிற்குமா என்பதை அது சொல்வதில்லை. மாதம் ஒரு முட்டைதான் வேண்டும். ஏஎம்ஹெச் குறைவான 33 வயதுக்காரிக்கு, ஏஎம்ஹெச் நிறைய உள்ள 42 வயதுக்காரியைவிட வாய்ப்பு அதிகம்.

கருக்குழாய் அடைப்பு பார்க்கும் டியூப் டெஸ்ட் மாதவிலக்கு நின்றதும், முட்டை வெளிவருவதற்கு முன் எடுப்பது. வலிக்கும், ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை கேட்டு வாங்குங்கள். நம்மவர்கள் இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள்: காசநோய். ஊரிலும் அதிகம், இங்கும் அதிகம். இருமலே இல்லாமல் கருக்குழாயையும் கருப்பையையும் பிடிக்கும் காசநோய் உண்டு. சின்ன வயதில் டிபி மருந்து சாப்பிட்டிருந்தால், வீட்டில் யாருக்காவது இருந்திருந்தால், வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

மெடிக்கல் எய்ட், அதாவது தனியார் மருத்துவக் காப்பீடு, வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: குழந்தையின்மைக்கான அடிப்படைப் பரிசோதனைகள் சட்டப்படி எல்லாத் திட்டங்களும் தர வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் அடங்கும். டியூப் டெஸ்ட், ஹார்மோன் ரத்தப் பரிசோதனை, வயிற்றுக்குள்ளும் கருப்பைக்குள்ளும் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி, ஹிஸ்டெரோஸ்கோப்பி, விந்துப் பரிசோதனை எல்லாம் அதில் உண்டு. ஐவிஎஃப் அதில் இல்லை, சில திட்டங்கள் மட்டும் தாமாகச் சேர்த்திருக்கின்றன. எங்களுக்கு முதலில் "குழந்தையின்மை கவர் ஆகாது" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். குறைந்தபட்சப் பலன் என்ற வார்த்தையைப் போட்டுக் கடிதம் எழுதியதும் பரிசோதனைகளுக்குப் பணம் வந்தது. அதற்கு ஆனது ஐந்து மாதம். பேரேட்டில் மீதி ஐந்து அதுதான். பணத்துக்குச் சண்டை போடுங்கள், ஆனால் சண்டை முடியும்வரை டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

அரசு மருத்துவமனைகளில் ஐவிஎஃப் செய்யும் இடங்களை விரல்விட்டு எண்ணலாம்: கேப் டவுனில் க்ரூட் ஸ்கூர், டைகர்பெர்க், ப்ரிட்டோரியாவில் ஸ்டீவ் பிகோ மாதிரி சில. அங்கும் முழுக்க இலவசம் இல்லை. டர்பனிலிருந்து கேப் டவுன் 1600 கிலோமீட்டருக்கு மேல். போவதற்கு முன் வயது வரம்பு என்ன, வரிசை எத்தனை மாதம் என்று போனில் கேட்டுவிடுங்கள்.

மாத்திரை, ஐயூஐ, ஐவிஎஃப்

முட்டையே ஒழுங்காக வராதவர்களுக்கு லெட்ரோசோல் நல்ல மருந்து. ஒழுங்காக வருகிறவர்களுக்கு, அதுவும் 38க்கு மேல், அது மாதத்தை மட்டும் தின்னும். ஐயூஐ என்பது கழுவிச் சுத்தம் செய்த விந்தணுவைக் கருப்பைக்குள் விடுவது. செலவு குறைவு, 40ஐ நெருங்கினால் பலனும் குறைவு. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் நாங்கள் காசைப் பார்த்து இரண்டு தடவை செய்தோம். இரண்டும் போயிற்று. வெரிக்கோசீலுக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று என் கணவர் கேட்டதற்கு டாக்டர், "உங்கள் மனைவிக்கு 30 என்றால் செய்வேன். ஆபரேஷனுக்குப் பின் ஆறு மாதம் பார்க்க வேண்டும், அது உங்களிடம் இல்லை" என்றார். அந்த ஆறு வருஷத்தில் ஒரு டாக்டர் மாதத்தைக் கணக்கில் வைத்துப் பேசியது அன்றுதான்.

ஐவிஎஃப் ஒரு சுழற்சி எப்படிப் போகும் என்றால், மாதவிலக்கின் இரண்டாம் நாள் வாக்கில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி, நீங்களே போட்டுக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு ஸ்கேன். முட்டைப்பைகள் வளர்ந்ததும் ஒரு கடைசி ஊசி, டிரிக்கர் என்பார்கள். அதிலிருந்து சரியாக 36 மணி நேரம் வாக்கில் மயக்கம் கொடுத்து முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். முந்தினால் முட்டை பழுக்காது, பிந்தினால் நழுவிவிடும்.

எனக்கு டிரிக்கர் இரவு 10.30க்கு. 2022, லோட்ஷெட்டிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு ஸ்டேஜ் 6 வரை கடுமையாக நடந்த காலம், பத்து மணிக்கே கரண்ட் போயிருந்தது. ஊசிகளை வாரம் முழுக்கக் கொத்தமல்லிக் கட்டுக்கும் மோர்ப் பாத்திரத்துக்கும் நடுவே பிரிட்ஜில் வைத்திருந்தோம். கரண்ட் போகும்போதெல்லாம் ஐஸ் கட்டி போட்ட குளிர்பெட்டிக்கு மாற்றுவது என் கணவர் வேலை. ஐஸ் மருந்தை நேராகத் தொடாமல் நடுவில் ஒரு துண்டு, உறைந்தால் கெட்டுவிடும். அன்று அவர் போன் டார்ச்சைப் பிடிக்க, நான் குமிழி தட்டி எடுத்து, ரேடியோ வைத்து நிமிஷம் பார்த்துப் போட்டுக்கொண்டேன். கிளினிக்கைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்ட முதல் கேள்வி வெற்றி சதவீதம் இல்லை. "லேபில் ஜெனரேட்டர் இருக்கிறதா, எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்றுதான். சிரித்தார்கள், ஆனால் பதில் சொன்னார்கள்.

வெற்றி சதவீதம் கேட்கும்போது மூன்றைப் பிரித்துக் கேளுங்கள்: என் வயதில், என் சொந்த முட்டையில், வீட்டுக்குக் குழந்தையோடு போனவர்கள் எத்தனை பேர். "பாசிட்டிவ் ரிசல்ட்" எண்ணை வாங்கிக்கொண்டு வராதீர்கள். பிரிட்டனின் தேசியக் கணக்கில் 40 முதல் 42 வயதில் சொந்த முட்டையில் வைத்த கருக்களில் பத்துக்கு ஒன்று வாக்கில் குழந்தையாகிறது. 43, 44 வயதில் இருபதுக்கு ஒன்று.

எண்ணிக்கை சரியும் விதத்துக்கும் மனதைத் தயார் செய்யுங்கள். எனக்கு இரண்டாவது தடவை எட்டு முட்டை. பழுத்தவை ஆறு. கருவானவை நாலு. ஐந்தாம் நாள்வரை வந்தது இரண்டு. தினம் காலை லேபிலிருந்து போன் வரும், ஒவ்வொரு போனிலும் ஒன்றிரண்டு குறையும். கருவை வைத்த பிறகு பத்து நாள் வாக்கில் ரத்தப் பரிசோதனை. அதுவரை படுத்தே கிடக்க வேண்டியதில்லை, நடக்கலாம், சமைக்கலாம். ஊசிக் காலத்தில் வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் மட்டும் ராத்திரியானாலும் கிளினிக்கை எழுப்புங்கள்.

சொந்த முட்டையில் வழியில்லை என்றால் தானமுட்டை. அப்போது வாய்ப்பு கொடுப்பவரின் வயதைப் பொறுத்தது, 44 வயதுக்காரிக்கும் பாதிக்குப் பாதி நம்பிக்கை உண்டு. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் கொடுப்பவர் யார் என்று தெரியாது, ஒருவரிடமிருந்து ஆறு குழந்தைகளுக்கு மேல் உருவாக்கக் கூடாது. இந்திய முகம் வேண்டும் என்றால் வரிசை நீளம் என்று எங்கள் கிளினிக்கில் சொன்னார்கள், முடிவை ஒத்திப்போட்டாலும் பெயரை முன்பே கொடுத்து வைக்கலாம். வாடகைத்தாய் என்றால் கரு வைப்பதற்கு முன்பே உயர் நீதிமன்றம் ஒப்பந்தத்தை உறுதிசெய்ய வேண்டும், 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் அப்படிச் சொல்கிறது.

நின்ற பிறகு

ஒருபக்கமாகக் கடும் வயிற்றுவலி, தோள்வலி, மயக்கம் வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம், நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். ரத்த வகை நெகடிவ் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் கழுத்துப் பின்புற ஸ்கேன் எடுக்க வேண்டும். கையில் பணமிருந்தால் தாய் ரத்தத்திலேயே குரோமோசோம் பார்க்கும் டெஸ்டும் உண்டு. 40க்கு மேல் முதல் பிரசவம் என்றால் பிரஷர் ஏறாமலிருக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் வேண்டுமா என்று 12 வாரத்தில் கேளுங்கள். 1994லிருந்து கர்ப்பிணிகளுக்கு அரசு கிளினிக்கில் இலவசம், தனியாரில் பார்த்தாலும் அங்கே ஓர் அட்டை போட்டு வைப்பது கெட்டுப்போகாது. க்ரூகர் பார்க், சுலுலாந்தின் வடக்கு மூலை எல்லாம் மலேரியாப் பகுதி, முயலும் காலத்திலேயே அந்தச் சுற்றுலாவை ஒத்திப்போடுங்கள்.

நிறுத்துவதை முன்பே எழுதி வைப்பது

ஐவிஎஃப் தொடங்குவதற்கு முன் நாங்கள் ஒரு தாளில் எழுதினோம்: மூன்று தடவை, இவ்வளவு ராண்ட், 42வது பிறந்தநாள். மூன்றில் எது முதலில் வந்தாலும் நிறுத்துவது. தோல்விக்கு மறுநாள் எடுக்கும் முடிவு எப்போதும் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றுதான் இருக்கும், அதனால்தான் தாள். மீனாட்சிக்கும் மாரியம்மனுக்கும் வேண்டிக்கொண்டதையும் அதே தாளில் எழுதினோம், அதற்கு வரம்பு போடவில்லை.

என் தோழியும் எழுதினாள். அவளுடைய மூன்றாவது முயற்சி போன ஆடியில் முடிந்தது. ஒரு கரு ஒன்பது வாரம்வரை இருந்து கலைந்தது. அவளும் கணவரும் தானமுட்டை பற்றிப் பேசினார்கள், வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கிளினிக்கில் நிறுத்துகிறவர்களுக்கென்று ஆலோசகர் ஒருவர் இருந்தார், நாலு தடவை போய்வந்தாள். உங்கள் கிளினிக்கிலும் கேளுங்கள், தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

இந்த ஆடியில் மாரியம்மன் கஞ்சிக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். என் மகள் அவள் இடுப்பில் உட்கார்ந்திருந்தாள். ஊரிலிருந்து வந்திருந்த மாமி ஒருவர் கஞ்சிச் சொம்பை வாங்கிக்கொண்டே அவளிடம் கேட்டார், "ஏம்மா, விசேஷம் ஏதும் உண்டா?"

"உண்டு மாமி. அடுத்த மாசம் வீட்டுக் கடன் முடியுது."